ஆனைமலையில் எந்தக் காடு உங்களுக்கு?

(ஆனைமலையில் வனக்காப்பாளராகச் சேர்ந்து வனவராக ஓய்வுபெற்று, இப்போது உடுமலைப்பேட்டையில் இருப்பவர் நம் பத்தியாளர். இந்திரா காந்தி தேசியப் பூங்கா பற்றி வந்திருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

இந்திரா காந்தி தேசியப் பூங்கா என்று தேடினால் டாப்ஸ்லிப்பும் வருகிறது, வால்பாறையும் வருகிறது, அமராவதி அணையும் வருகிறது. பூங்கா உண்மையில் எங்கேதான் இருக்கிறது? மாமியார், இரண்டு பிள்ளைகளோடு இரண்டு நாள் வரலாம் என்றிருக்கிறோம்.
— வாசகி, ஈரோடு

மூன்றுமே சரிதான், அம்மணி. தேசியப் பூங்கா என்றால் பெரிய கேட் ஒன்று இருக்கும், டிக்கெட் வாங்கி உள்ளே போனால் காடு ஆரம்பிக்கும் என்று நினைத்து வருகிறார்கள். இங்கே அப்படி இல்லை. 1976-ல் இது ஆனைமலை சரணாலயம் ஆனது. 1961-ல் இந்திரா காந்தி இந்த மலைக்கு வந்துபோனதை வைத்து, பிற்பாடு அவர் பெயரைச் சூட்டினார்கள். 1989-ல் சரணாலயத்துக்குள் இருந்த மூன்று துண்டுகளைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். டாப்ஸ்லிப் பக்கம் கரியன்சோலை, வால்பாறைக்கு மேலே அக்காமலை கிராஸ் ஹில்ஸ், அமராவதிக்குப் பின்னால் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு. மூன்றும் சேர்ந்தே 117 சதுர கிலோமீட்டர்தான். சுற்றியிருக்கும் காட்டையெல்லாம் சேர்த்து 2007-ல் ஆனைமலைப் புலிகள் காப்பகம் வந்தது. அதன் மையப் பகுதி மட்டும் 958 சதுர கிலோமீட்டர். நீங்கள் வழியில் போர்டில் படிப்பது இந்தக் காப்பகத்தின் பெயரை.

மூன்று துண்டில் ஒன்று மழைக்காடு, ஒன்று புல்மலை, ஒன்று மழை மறைவுப் பள்ளத்தாக்கு. தேர்ந்தெடுத்தவர் யாராக இருந்தாலும் காட்டை நடந்து பார்த்த ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் இரண்டு நாளுக்கு வருவோம். முதல் நாள் டாப்ஸ்லிப். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாகப் போக வேண்டும். காலையிலேயே செக்போஸ்ட்டுக்கு வந்துவிடுங்கள், மாலையானால் மேலே விடமாட்டார்கள். மேலே துறை வண்டியில் கோழிகமுத்தி யானை முகாமுக்குக் கூட்டிப்போவார்கள். பிள்ளைகளுக்கு அது போதும். கலீம் என்ற கும்கியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஊருக்குள் வந்த எத்தனையோ யானைகளைப் பிடிக்க உதவியவன், 2023-ல் மரியாதையோடு ஓய்வு கொடுத்தார்கள். அவனுடைய இடம் அந்த முகாம்தான்.

இரண்டாம் நாள் எல்லோரும் வால்பாறை போகச் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, ஒரே நாளில் ஏறி இறங்கினால் மாமியாருக்குத் தலைசுற்றல்தான் நினைவில் நிற்கும். அதோடு வால்பாறைக்கு இப்போது இ-பாஸும் எடுக்க வேண்டும். வால்பாறைக்குத் தனியாக இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வந்து அமராவதிப் பக்கம் போங்கள். யாரும் கேட்காத காடு அது. ஏன் சொல்கிறேன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

வால்பாறையில் நனைந்துகொண்டே இருந்தோம். அடுத்த நாள் அமராவதி போனால் கள்ளிச்செடியும் முள்ளும் வெயிலும். ஒரே மலையில் இது எப்படி?
— கல்லூரி மாணவர், மதுரை

நல்ல கேள்வி தம்பி. ஆனைமலையைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல அனுமதி என்றால் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கேரளப் பக்கமிருந்து மேகத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அது முதலில் முட்டுவது வால்பாறைப் பக்கத்து மலைச்சரிவில். சின்னக்கல்லாறு அங்கேதான் இருக்கிறது, தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மேகம் அங்கேயே பாரத்தை இறக்கிவிடுகிறது. அதற்குக் கிழக்கே இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகள் வரிசையாக நிற்கின்றன. அதைத் தாண்டி அமராவதி, சின்னாறு பக்கம் வரும்போது காற்று மட்டும்தான் மிச்சம். கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்குப் பாயசம் இரண்டு தரம் வரும், கடைசிப் பந்திக்கு ரசம்தான், அந்தக் கதை. சரி, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழையாவது வருமே என்றால், அந்தப் பக்கம் பழனி மலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. இருந்தாலும் அதைத் தாண்டிக் கிடைக்கிற மழைதான் அந்தக் காட்டுக்கு வருஷத்துச் சாப்பாடு.

கணக்காகச் சொன்னால், காப்பகத்தின் ஒரு மூலையில் வருஷத்துக்கு 500 மில்லிமீட்டர் அளவில் மழை, இன்னொரு மூலையில் 5000 அளவில். உயரமும் அப்படித்தான். அடிவாரத்தில் 350 மீட்டருக்குக் கீழே தொடங்கி உச்சியில் 2500 மீட்டரைத் தாண்டுகிறது. மழையும் உயரமும் இவ்வளவு மாறும்போது காடு ஒரே மாதிரி இருக்க வழியில்லை.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மரத்தின் பெயரெல்லாம் தெரிய வேண்டாம், இலையைப் பார். அமராவதிப் பக்கம் குடைவேலும் உசிலும் இருக்கும். விரல் நுனியில் ஒட்டிக்கொள்கிற அளவுக்குப் பொடி இலை. பெரிய இலை வைத்தால் இருக்கிற ஈரமும் வெயிலில் போய்விடும் என்பதால் அந்தச் சிக்கனம். கொஞ்சம் மேலே ஏறினால் வெக்காலி, வேங்கை, தேக்கு. இவை இலையைப் பெரிதாக வைக்கும், மாசி பங்குனியில் மொத்தமாகக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். கரியன்சோலைக்குள் போனால் வருஷம் முழுக்கப் பச்சை. அங்கே பல இலைகளின் நுனி மட்டும் நீளமாகக் கூர்ந்திருக்கும். விழுந்த மழை இலைமேல் தேங்காமல் வழிந்து ஓட அந்த நுனி. மரத்தின் அடியில் ஆள் உயரத்துக்குப் பலகை பலகையாக வேர் நிற்கும். அப்புறம் கிராஸ் ஹில்ஸ் உயரத்துக்குப் போனால் மரமே குட்டையாகி, பள்ளங்களுக்குள் ஒண்டிக்கொள்கிறது.

என்னோடு வேலை பார்த்த வாட்சர் ஒருவர் இருந்தார், மலைமலசர் என்ற இந்த மலைப் பழங்குடியைச் சேர்ந்தவர். கண்ணைக் கட்டிக் கூட்டிப்போனாலும் எந்த ரேஞ்சில் நிற்கிறோம் என்று காலடிச் சருகின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். தேக்குச் சருகு மொடமொடவென்று உடையும். மழைக்காட்டில் சருகு ஈரமாகக் கிடப்பதால் சத்தமே வராது. முள்காட்டில் சருகே கிடையாது, சரளைதான்.

புலி கண்டிப்பாகத் தெரியும் இடம் எது? செலவைப் பற்றிக் கவலையில்லை.
— வாசகர், சென்னை

வண்டலூர்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனைமலைக் காடு அடர்த்தி, மேடு பள்ளம் அதிகம், பத்தடிக்கு அப்பால் நிற்கும் யானையே தெரியாது. பீட்டில், அதாவது எனக்கு ஒதுக்கிய காட்டுப் பகுதியில், ரோந்து நடந்த காலத்தில் புலியின் தடம், மரத்தில் கீறல், எச்சம் எல்லாம் அடிக்கடி பார்ப்போம், புலியைப் பார்ப்பது அபூர்வம். செந்நாய்க் கூட்டம் அதைவிடச் சுலபமாகக் கண்ணில் படும். காட்டுமாடு டாப்ஸ்லிப் புல்வெளியிலேயே மேயும். அதன் முன்னங்கால் தசையை ஒருமுறை நின்று பாருங்கள், செலவு செய்த காசுக்குச் சரியாகிவிடும்.

டாப்ஸ்லிப்பில் தேக்கு மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இது காடா, தோட்டமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பூர்

இரண்டும் கலந்தது ஐயா. கண் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலைத் தேக்குக்குப் பெரிய கிராக்கி. பம்பாயில் கப்பல் கட்ட வேண்டும், அப்புறம் ரயில் பாதைக்குக் கட்டை வேண்டும். காட்டைக் கூப்பு என்று பகுதி பகுதியாகப் பிரித்து வெட்டினார்கள். யானை இழுத்துவந்த மரத்தை மலை விளிம்பிலிருந்து கீழே சரித்துவிடுவார்கள், அடிவாரத்தில் எடுத்துக்கொள்வார்கள். நட வேண்டும் என்ற நினைப்பு ரொம்ப நாள் யாருக்கும் இல்லை. கொஞ்ச காலத்தில் மலை மொட்டையாகிவிட்டது.

1910களில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி இங்கே வந்தார். வெட்டுவதை முறைப்படுத்தினார். அடிக்கட்டையை விட்டு வெட்டினால் அது மறுபடி துளிர்க்கும், அதை வளரவிட வேண்டும் என்றார். வெட்டிய இடத்திலெல்லாம் நடவும் செய்தார். நடந்துபோகும்போது கைத்தடியால் குழி போட்டு, பையிலிருந்த தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே போவார் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். 1933-ல் இறந்தார். அவர் விருப்பப்படியே டாப்ஸ்லிப்பில், தான் வளர்த்த தேக்குகளுக்கு நடுவில் அடக்கம் செய்திருக்கிறார்கள். கல்லறையில் லத்தீனில் ஒரு வரி இருக்கும். என் நினைவுச்சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பார் என்று அர்த்தம். லண்டன் தேவாலயம் ஒன்றில் இருக்கும் கட்டடக் கலைஞரின் கல்லறை வரி அது. இங்கேதான் அதிகம் பொருந்துகிறது என்பது என் கட்சி.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தேக்கு மட்டும் நிற்கிற இடத்தில் கீழே மற்ற செடிகள் குறைவு. பழம் தின்னும் பறவைக்கும் குரங்குக்கும் அங்கே வேலை இல்லை. வுட் காப்பாற்றியது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த வரிசைகளைப் பார்த்துவிட்டு இதுதான் ஆனைமலைக் காடு என்று திரும்பிவிடக் கூடாது. பக்கத்திலேயே கரியன்சோலை இருக்கிறது, ஐந்து சதுர கிலோமீட்டர்தான். வழிகாட்டியோடு அதன் ஓரத்தில் நடந்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

இணையத்தில் கிராஸ் ஹில்ஸ் படங்களைப் பார்த்து மயங்கிவிட்டேன். அனுமதி வாங்க யாரைப் பிடிக்க வேண்டும்?
— வாசகர், சேலம்

யாரையும் பிடிக்க வேண்டாம், கிடைக்காது. ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்குத்தான் அனுமதி. அது அப்படியே இருக்கட்டும் என்பவன் நான்.

உங்கள் ஆசை புரியாமல் இல்லை. மேலே ஏறினால் மலை முழுக்கப் புல், மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சோலை. ஏன் மடிப்பில் மட்டும் மரம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். மார்கழி, தை இரவுகளில் அங்கே உறைபனி விழும். திறந்த சரிவில் முளைக்கிற மரக்கன்று பனியில் கருகிவிடும். தப்பித்தால் காற்று, அதையும் தாண்டினால் கோடையில் தீ. பள்ளத்துக்குள் காற்று குறைவு, மண் ஆழம், ஈரம் தங்கும், அதனால் அங்கே சோலை பிழைத்துக்கொள்கிறது. இந்தப் புல்லைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்து, மேற்குத்தொடர்ச்சி மலையில் பல இடங்களில் யூகலிப்டஸும் வாட்டில் என்ற வெளிநாட்டு மரமும் நட்டுவிட்டார்கள். வாட்டில் நுழைந்த புல்மலையைத் திரும்ப மீட்பது லேசான வேலை இல்லை. கிராஸ் ஹில்ஸ் பெரும்பாலும் தப்பித்து நிற்கிறது.

வரையாடு அந்தப் புல்லை நம்பி இருக்கிற விலங்கு. நம் மாநில விலங்கும்கூட. தமிழ்நாட்டில் 2024-ல் எடுத்த கணக்கெடுப்பில் 1,031, மறுவருஷம் 1,303. கிராஸ் ஹில்ஸும் நீலகிரியின் முக்கூர்த்தியும் இவற்றின் பெரிய புகலிடங்கள். கணக்கெடுக்கப் போகிறவர்கள் பனியில் விறைத்துக்கொண்டு, பாறை விளிம்பில் பைனாகுலரை வைத்து எண்ணுவார்கள். குட்டி, பெட்டை, கிடா என்று பிரித்து எழுத வேண்டும். கிடாவுக்கு வயதானால் முதுகில் வெளிர்ந்த சேணம் போட்ட மாதிரி நிறம் வரும், அதை வைத்துத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். குட்டி போடுவது பெரும்பாலும் தை, மாசியில். அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இருந்தால் தாய் மிரண்டு செங்குத்துப் பாறைக்கு ஏறும், குட்டி தடுமாறும்.

வரையாடு பார்க்கத்தான் வேண்டும் என்றால் மலையின் மறுபக்கம், கேரளத்தில் இரவிகுளம் தேசியப் பூங்கா இருக்கிறது. அது இதே புல்மலையின் தொடர்ச்சி. மூணாறிலிருந்து போகலாம், அவர்கள் வண்டியிலேயே ஏற்றிப்போவார்கள். ஆடு சாலையோரத்திலேயே நிற்கும். குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள், பார்த்துப் போங்கள். அங்கே குறிஞ்சிப் பூ பார்க்க ஆசை என்றால், அது அடுத்து பூப்பது 2030-ல். கடைசியாக 2018-ல் பூத்தது. 2030-ல் அறை கிடைக்காது, இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அட்டைக்கு என்ன வழி? போன தடவை காலுறை முழுக்க ரத்தம்.
— வாசகி, கோவை

மழைக்காலத்தில் மழைக்காட்டுக்குப் போனால் அட்டை கடிக்கும். நாங்கள் புகையிலையை ஊறவைத்த தண்ணீரில் காலுறையை நனைத்துக் காயவைப்போம். உப்பை மூட்டை கட்டித் தொட்டாலும் விழுந்துவிடும். இப்போது முழங்கால் வரை கட்டும் அட்டைக் காலுறை கடையில் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். பிடுங்கி எறியாதீர்கள், நகத்தால் ஓரமாகத் தள்ளிவிடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் ஒழுகும், பயப்பட ஒன்றுமில்லை. அட்டையே வேண்டாம் என்றால் அமராவதிக்கு வாருங்கள், அங்கே ஒன்றுகூடக் கிடையாது.

அமராவதியில் முதலைப் பண்ணையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான், ஆனால் அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.
— வாசகர், பழனி

வாங்க. இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்றுதான் இருந்தேன்.

முதலில் முதலையையே முடித்துவிடுகிறேன். பண்ணையில் இருப்பது 1970களில் ஆரம்பித்த விஷயம். அணைக்குள்ளும் அணைக்கு வரும் சின்னாறு, தேனாறு, பாம்பாறு ஆகிய மூன்று ஆற்றிலும் காட்டு முதலைகள் இருக்கின்றன. எல்லாம் சதுப்பு முதலை. கோடையில் தண்ணீர் இறங்கும்போது மணல் திட்டில் ஏறி வெயில் காயும். கரையில் இறங்கிக் கை கால் கழுவுவதை விட்டுவிடுங்கள்.

இனி காடு. உடுமலையிலிருந்து மூணாறு போகிற சாலையில், எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்பதாறு செக்போஸ்ட் என்று சொல்வார்களே, அதைத் தாண்டியதும் சின்னாறு வரை பாருங்கள். இரண்டு பக்கமும் முள்காடு. பார்த்தால் வறண்டு கிடக்கிறது, இங்கே என்ன இருக்கும் என்று தோன்றும். காலை வெயிலில் மயில் கூட்டம், புள்ளிமான், தரையில் நட்சத்திர ஆமை. ஆனால் ஆற்றுக்கு இறங்கிவிட்டால் காட்சி மாறிவிடும். கரையில் மட்டும் நீர்மருது, மாமரம், அத்தி என்று ஓங்கிய மரங்கள், நல்ல நிழல். இந்த ஒற்றைக் கீற்றுக் காட்டை நம்பித்தான் சாம்பல் மலை அணில் இருக்கிறது. அது மரத்துக்கு மரம் தாவிப் போகிற ஜீவன், தரையில் இறங்க விரும்பாது. கரையில் நாலு மரத்தை வெட்டினால் அதற்குப் பாதை அறுந்துவிடும். உலகத்திலேயே இந்த அணில் இருப்பது தென்னிந்தியாவில் சில இடங்களிலும் இலங்கையிலும் மட்டும்தான். மழைக்காட்டுக் குரங்கைப் பார்க்க வருகிறவர்கள் ஆயிரம் பேர் என்றால் இதைப் பார்க்க வருகிறவர் பத்துப் பேர்கூட இல்லை.

யானைகளும் அப்படித்தான். கோடையில் மேலே தண்ணீர் சுருங்கினால் அமராவதி அணையோரம் இறங்கிவரும். சாயங்காலம் அணையின் அக்கரையில் கூட்டம் கூட்டமாகத் தெரியும், இக்கரையிலிருந்தே பார்க்கலாம்.

இந்தக் காட்டுக்கு உள்ளே, தேனாறு ஓடுகிற பள்ளத்தாக்குதான் மஞ்சம்பட்டி. நான் முதலில் சொன்ன மூன்று துண்டில் ஒன்று. சுற்றிலும் உயர்ந்த மலை, நடுவில் வறண்ட பள்ளம். பாறை ஓவியங்களும் கற்திட்டைகளும் இருக்கின்றன. மனிதன் அங்கே வெகு காலமாக இருக்கிறான் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். காட்டுமாடு என்றால் கறுப்பு என்று நினைப்போம். இந்தப் பக்கத்தில் சாம்பல் வெளுப்பாக ஒன்றிரண்டு உண்டு, வெள்ளைக் காட்டுமாடு என்று வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே பேச்சு. சுற்றுலாவாக மஞ்சம்பட்டிக்குப் போக முடியாது. ஆனால் அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' தடங்களில் சின்னாறு செக்போஸ்ட்டிலிருந்து கூட்டாறு வரை ஒன்று இருக்கிறது. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அழைத்துப்போவார்கள். தீ பிடிக்கும் காலத்தில் நிறுத்திவைப்பார்கள். ஐப்பசி மழை முடிந்து, காடு கொஞ்சம் பச்சை கட்டியிருக்கும்போது போங்கள். பழனியிலிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் அங்கே குடியிருக்கும் மக்களை வெளியே கொண்டுவந்துவிடலாமே?
— வாசகர், தஞ்சாவூர்

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லோரும் காட்டுக்கு வெளியே இருப்பவர்களாகவே இருக்கிறார்கள்.

காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் என்று ஆறு சமூகத்தவர் இந்த மலைக்குச் சொந்தக்காரர்கள். அவர்கள் இல்லாமல் இந்தத் துறை ஒரு நாள் ஓடாது. கோழிகமுத்தியில் யானையைக் கட்டி மேய்ப்பது மலசர்கள். தீக்காலத்தில் தீத்தடுப்புக் கோடு போடுவதும், இரவில் ரோந்து போவதும், கணக்கெடுப்பில் அதிகாரிக்கு முன்னால் நடப்பதும் அவர்கள்தான். எந்த ஓடை எந்த மாதம் வற்றும், இருவாச்சி எந்த மரத்தில் கூடு வைக்கும் என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

போக விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாகப் பிள்ளைகளைப் படிக்கவைக்க நினைப்பவர்கள். அவர்களுக்கு நல்ல வழி செய்துகொடுக்க வேண்டும். இருக்க விரும்புகிறவருக்கு 2006-ம் வருஷச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. ரோடு, கரண்ட், ஆஸ்பத்திரி என்று எதைக் கேட்டாலும் காட்டுச் சட்டத்தைக் காட்டி மறுப்பதும், அதே காட்டில் அணையும் கால்வாயும் பவர் ஹவுஸும் கட்டிக்கொள்வதும் என் கண் முன்னால் நடந்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தால்தான் உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் ஊரில் தென்னை நிற்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. காட்டுக்குள் இருக்கும் பதியில், அதாவது அவர்கள் குடியிருப்பில், ஒரு பல்பு எரிவதால் புலி ஓடிவிடாது என்கிறேன்.

இருவாச்சி எப்போது பார்க்கலாம்?
— பள்ளி மாணவி, நாமக்கல்

தை முதல் சித்திரை வரை கூடு வைக்கும் காலம் கண்ணு. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். சின்னக் கீறல் மட்டும் விடும். ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். அதனால் அந்த மாதங்களில் ஆண் பறவையைத் தனியாகப் பார்த்தால், வீட்டில் பசியோடு ஆள் காத்திருக்கிறது என்று அர்த்தம். பின்னாலேயே போகாதே. அட்டகட்டிப் பக்கம், அத்தி பழுத்த மரம் ஒன்றைக் கண்டுபிடித்து எட்ட உட்கார்ந்துகொள். சிறகடிக்கும் சத்தம் முதலில் வரும். தலைக்கு மேல் எங்கோ ரயில் வருவது போலிருக்கும், அதுதான்.

வால்பாறையில் குரங்குகளுக்குப் பிஸ்கட் கொடுத்ததற்குக் காவலர் ஒருவர் திட்டிவிட்டார். பசிக்கிற உயிருக்குக் கொடுத்தது பாவமா?
— வாசகி, காரைக்கால்

பிடரியில் வெள்ளை மயிர், வால் நுனியில் குஞ்சம் என்றால் அது சிங்கவால் குரங்கு, சோலைமந்தி என்றும் சொல்வோம். மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் மிச்சமிருக்கும் சின்னச் சின்னச் சோலைத் துண்டுகளில் வாழ்கிறது. வெடிபலா என்று ஒரு மரம், பலாவைப் போல முள்ளோடு காய்க்கும். அதன் பூவும் விதையும் இதற்குப் பெரிய ஆகாரம். மரத்தின் மேலேயே வாழ வேண்டிய குரங்கு, பிஸ்கட்டுக்காக ரோட்டுக்கு இறங்கப் பழகுகிறது. அப்புறம் வண்டியில் அடிபடுகிறது. புதுத்தோட்டம் பக்கம் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிவைத்திருப்பதே அவை கீழே இறங்காமல் போகத்தான். மேலே பாலம் கட்டிவிட்டுக் கீழே பிஸ்கட் நீட்டினால் அது எந்த வழியில் போகும்?

காவலர் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து அவர் எத்தனை பேரிடம் அதையே சொன்னாரோ.

வால்பாறையில் எஸ்டேட் ஒன்றில் உறவினர் வீடு. ராத்திரி திரும்பும்போது ரோட்டில் யானை நின்றால் என்ன செய்வது?
— வாசகர், கரூர்

முதலில், ராத்திரி திரும்பாதீர்கள். வேறு வழியில்லை என்றால் உறவினரிடம் கேளுங்கள், யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். வால்பாறையில் இதற்கு ஓர் ஏற்பாடு பல வருஷமாக நடக்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆட்களும் வனத்துறையும் சேர்ந்து செய்தது. யானைக் கூட்டம் இருக்கும் இடத்தை அக்கம்பக்கத்து மக்களின் போனுக்குச் செய்தியாக அனுப்புவார்கள். முக்கியமான இடங்களில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு இருக்கும். பக்கத்தில் யானை இருந்தால் அது எரியும். யானை காட்டை விட்டு ஊருக்கு வந்துவிட்டது என்று பேப்பரில் எழுதுவார்கள். தேயிலை வருவதற்கு முன்னால் அந்த மேட்டு நிலம் முழுக்க யானை நடக்கும் பாதைதான். ஒரு சோலைத் துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக இப்போது தோட்டத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது.

விளக்கு எரிந்தால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். வளைவைத் தாண்டியதும் எதிரே நின்றுவிட்டால், தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், ஹெட்லைட்டை ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டாம், போன் எடுத்துக்கொண்டு இறங்கவே வேண்டாம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், பின்னால் வண்டி வந்து ஒட்டி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னுக்குப் போக வழி இல்லாமல் மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து. காது விசிறிக்கொண்டு மேய்ந்தால் அது உங்களைக் கண்டுகொள்ளவில்லை. காதை விரித்து அசையாமல் நின்றால், தும்பிக்கையைச் சுருட்டினால், மெல்லப் பின்னால் எடுங்கள். குட்டி இருந்தால் இன்னும் தூரம். பெரும்பாலும் கால் மணி நேரத்தில் தேயிலைக்குள் இறங்கிவிடும். இறங்கியதும் உடனே கிளம்பாதீர்கள், பின்னால் இன்னும் இரண்டு வரும்.